நீச்சல்குளத்துக்கு டைல்ஸா, பூச்சா, பெயிண்டா? பொள்ளாச்சி–பாலக்காடு எல்லைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோபாலபுரத்தில் தொடங்கி மீனாட்சிபுரம், கொழிஞ்சாம்பாறை, முதலமடை வரை தோப்புகளிலும் தங்கும் விடுதிகளிலும் நீச்சல்குள வேலைகளை மேற்பார்வை பார்க்கிறேன். எல்லைக்கு இந்தப் பக்கம் கேட்கிற கேள்வியைத்தான் அந்தப் பக்கமும் கேட்கிறார்கள். போனில் பதில் சொல்லும்போது பாதி விட்டுப்போகிறது. அதனால் மேல்பூச்சு சம்பந்தமாக வந்த கேள்விகளை அவரவர் கேட்டபடியே எழுதி, பதிலும் எழுதி வைத்திருக்கிறேன்.

டைல்ஸ் ஒட்டிட்டா தண்ணி கசியாதுதானுங்க?

கசியும். எல்லாக் கேள்விக்கும் அடிப்படை இதுதான், அதனால் முதலில் வைத்தேன். டைல்ஸ், டைல்ஸ் இடைவெளியை அடைக்கும் கிரவுட், பெயிண்ட் எதுவுமே தண்ணீரை நிறுத்துவதற்காக வைப்பதில்லை. தண்ணீரை நிறுத்துவது கான்கிரீட் தொட்டியும் அதன் மேல் அடிக்கும் நீர்த்தடுப்புப் பூச்சான வாட்டர்ப்ரூஃபிங்கும். மேல்பூச்சு காலுக்கு வழவழப்பும் கண்ணுக்கு நிறமும் தரும், சுத்தம் செய்ய வசதியாக இருக்கும்.

ஆகவே டைல்ஸ் ஒட்டும் முன்பே தொட்டியில் தண்ணீர் கட்டிப் பார்க்க வேண்டும். குறைந்தது மூன்று நாள், முடிந்தால் ஒரு வாரம். வெயிலில் ஆவியாவதையும் கசிவையும் பிரித்துப் பார்க்க ஒரு பக்கெட் போதும். பக்கெட்டில் தண்ணீர் நிரப்பிக் குளத்தின் படியில் வையுங்கள். பக்கெட்டுக்குள் ஒரு கோடு, வெளியே குளத்து மட்டத்தில் ஒரு கோடு. மறுநாள் இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் வெயில் குடித்திருக்கிறது. வெளியே அதிகமாக இறங்கியிருந்தால் கசிவு. அதைச் சரிசெய்யாமல் டைல்ஸ் பெட்டியைப் பிரிக்கவே கூடாது.

என்னென்ன வகை இருக்கு, எது எத்தனை வருசம் வரும்?

நம் பக்கம் புழங்குவது ஐந்து வகை. எபாக்ஸி (இரண்டு பாகம் கலந்து இறுகும் பிசின்) பெயிண்ட் இரண்டிலிருந்து ஐந்து வருடம். வெள்ளை சிமெண்டும் மார்பிள் தூளும் கலந்த பூச்சு, தண்ணீரைச் சரியாகப் பார்த்துக்கொண்டால் ஏழு முதல் பத்து வருடம். துணி வைத்த 1.5 மி.மீ. பி.வி.சி. ஷீட் பத்து முதல் பதினைந்து வருடம். பீங்கான் அல்லது விட்ரிஃபைடு (கண்ணாடிபோல் இறுகச் சுட்ட) டைல்ஸும், சின்னச் சில்லுகளான கண்ணாடி மொசைக்கும் ஒட்டியது ஒழுங்காக இருந்தால் இருபது வருடத்தையும் தாண்டும்.

கூழாங்கல் பூச்சு என்று ஒன்றும் உண்டு. நெடுநாள் உழைக்கும். ஆனால் செய்யத் தெரிந்த ஆட்களை வெளியூரிலிருந்து கூட்டிவர வேண்டும், குழந்தைகளின் பாதம் தேயும். நான் வீட்டுக் குளங்களுக்கு அதைச் சொல்வதில்லை.

சதுர அடிக்கு எவ்வளவுன்னு ஒரே வார்த்தைல சொல்லுங்க.

ஒரே வார்த்தையில் சொன்னால் உங்களுக்குத்தான் நஷ்டம். 24 அடி நீளம், 12 அடி அகலம், சராசரி ஆழம் நாலரை அடி உள்ள குளத்தை எடுத்துக்கொள்வோம். தரை 288 சதுர அடி. நான்கு சுவரும் சேர்ந்து 324. மொத்தம் 612. பலரும் தரையை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு விலை கேட்பதால், கொட்டேஷன் வந்ததும் அதிர்ந்துபோகிறார்கள். படி, வெட்டுச் சேதாரம் எல்லாம் சேர்த்து டைல்ஸ் 670 சதுர அடி வாங்க வேண்டும்.

நடுத்தர விலைக் கண்ணாடி மொசைக் சதுர அடி 150 ரூபாய் என்று வைத்தால் 1,00,500. டைல்ஸ் ஒட்டும் கலவையான அடெசிவ் 20 கிலோ மூட்டை 14, மூட்டை ஆயிரம் ரூபாய்க்கு 14,000. எபாக்ஸி கிரவுட் 5 கிலோ செட் 16, செட் இரண்டாயிரம் ரூபாய்க்கு 32,000. ஒட்டுக்கூலி 70 ரூபாய்க்கு 46,900. வாட்டர்ப்ரூஃபிங் 612 சதுர அடிக்கு 50 ரூபாய் வீதம் 30,600. கூட்டினால் 2,24,000, வரி தனி. விலைகள் கடைக்குக் கடை மாறும். உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் கணக்கின் அமைப்பைப் பாருங்கள்: டைல்ஸின் விலை மொத்தத்தில் பாதிகூட இல்லை. டைல்ஸில் இருபது ரூபாய் பேரம் பேசிவிட்டு மற்றதைக் கேட்காமல் விட்டால், சிக்கனம் அடெசிவிலும் வாட்டர்ப்ரூஃபிங்கிலும்தான் நடக்கும். அந்த இரண்டும் வேலை முடிந்த பிறகு உங்கள் கண்ணுக்குத் தெரியாது.

கிரவுட்டுக்கே முப்பத்திரண்டாயிரமா? பெரிய டைல்ஸுக்கு இவ்வளவு ஆகலையே?

மொசைக் சில்லு 20 மி.மீ.க்கு 20 மி.மீ., கனம் 4 மி.மீ. ஒரு சதுர மீட்டரில் இரண்டாயிரத்துக்கும் மேல் சில்லுகள், ஒவ்வொன்றைச் சுற்றியும் 2 மி.மீ. இடைவெளி. அதை அடைக்கச் சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 1.3 கிலோ கிரவுட் போகும். அதே இடத்தில் இரண்டடிக்கு ஓரடி டைல்ஸ் ஒட்டினால் 150 கிராம்கூட ஆகாது. நம் 670 சதுர அடிக்கு, 80 கிலோ ஆகிற இடத்தில் 9 கிலோவில் முடிந்துவிடும்.

பணம் இடிக்கிறது என்றால் தரைக்கும் சுவருக்கும் பெரிய டைல்ஸ் வைத்து, படிக்கும் தண்ணீர்க் கோட்டுக்கும் மட்டும் மொசைக் ஒட்டலாம். ஆனால் மொசைக்குக்கு எபாக்ஸிக்குப் பதில் சிமெண்ட் கிரவுட் போட்டு மிச்சப்படுத்தாதீர்கள். இவ்வளவு இடைவெளியும் சிமெண்ட் என்றால், தண்ணீர் தின்பதற்கு அவ்வளவு இடம் கொடுக்கிறோம்.

பாத்ரூம் சுவத்துக்கு வாங்கின டைல்ஸ் மிச்சம் கிடக்குது, அத ஒட்டிக்கலாமுங்களா?

கூடாது. சுவர் டைல்ஸ் தன் எடையில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கும். குளத்துக்கு வேண்டியது அரை சதவீதத்துக்கும் கீழே. பெட்டியில் நீர் உறிஞ்சும் அளவு அச்சிட்டிருக்கும், பாருங்கள். பெட்டி தொலைந்துவிட்டால் டைல்ஸின் பின்பக்கம் நாலு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உடனே உள்ளே போய்க் கறை படிந்தால் அது குளத்துக்கு ஆகாது.

எங்க மேஸ்திரி முப்பது வருசமா சிமெண்ட் பால் ஊத்தித்தான் ஒட்டுறாரு. அடெசிவ் எதுக்குங்க?

உங்கள் மேஸ்திரியின் கைத்திறமையில் எனக்குச் சந்தேகமில்லை. அவர் ஒட்டிய பழைய டைல்ஸ் தண்ணீரை உறிஞ்சியது, அதனால் சிமெண்ட் பால் அதற்குள் இறங்கிப் பிடித்தது. விட்ரிஃபைடும் கண்ணாடியும் எதையும் உறிஞ்சாது. சிமெண்ட் அதன் முதுகில் வெறுமனே சாய்ந்து நிற்கும். அடெசிவில் உள்ள பாலிமர்தான் அந்த வழவழப்பிலும் பிடிக்கிறது. மூட்டையில் ஐ.எஸ். 15477 என்ற இந்தியத் தர எண்ணைப் பாருங்கள். ஐரோப்பிய முறையில் குறிப்பிட்டிருந்தால் சி2டிஇ எஸ்1 என்று இருக்க வேண்டும். அதில் கடைசியில் வரும் எஸ்1 கொஞ்சம் வளைந்து கொடுக்கும் என்பதற்கான குறி. கண்ணாடி மொசைக்குக்கு வெள்ளை அடெசிவ் மட்டுமே; சாம்பல் நிறம் போட்டால் நீலம் மங்கித் தெரியும்.

இன்னொன்று: விட்ரிஃபைடு டைல்ஸின் முதுகில் சூளையில் ஒட்டிக்கொண்ட வெள்ளைப் பொடி இருக்கும். ஈரத் துணியால் துடைக்காமல் ஒட்டினால் அடெசிவ் பொடியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும்.

மொசைக்ல பேப்பர் ஒட்டினது, வலை ஒட்டினதுன்னு ரெண்டு காட்டுறாங்க. எது நல்லது?

குளத்துக்கு, சில்லுகளின் முன்பக்கம் பேப்பர் ஒட்டிச் சேர்த்த ஷீட். ஒட்டிக் கொஞ்சம் இறுகியதும் பேப்பரை நனைத்து உரித்துவிடுவோம். சில்லின் முதுகு முழுவதும் அடெசிவில் உட்கார்ந்திருக்கும். வலை வைத்ததில் சில்லுக்கும் அடெசிவுக்கும் நடுவில் வலையும் அதன் கோந்தும் நிற்கிறது. தண்ணீருக்குள் இளகும் கோந்தும் உண்டு. வேலைக்கு வலை சுலபம், அதனால் ஒட்டுபவர்கள் அதைக் கேட்பார்கள்.

எந்த மாசத்துல வேலைய வெச்சுக்கலாம்?

நம் ஊருக்கே உரிய சங்கதி இது. பாலக்காட்டுக் கணவாய் மலையில் விழுந்த பெரிய வாசல். முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலம். ஆனி ஆடியில் மேற்கிலிருந்தும், மார்கழி தையில் கிழக்கிலிருந்தும் காற்று அதன் வழியாகத்தான் அடிக்கிறது. மூட்டையில் இருபது முப்பது நிமிடம் என்று போட்டிருக்கும் அடெசிவ், அந்தக் காற்றில் பத்து நிமிடத்துக்குள் பால் மேல் படிவதுபோல் ஆடை கட்டிவிடும். பார்வைக்கு ஈரமாகவே இருக்கும். விரலால் தொட்டால் விரலில் ஒட்டாது. ஒட்டவில்லை என்றால் சுரண்டி எறிந்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும்.

மீனாட்சிபுரம் பக்கம் நாங்கள் பார்த்த ஒரு குளத்தில் இதை நானே தவறவிட்டேன். மாசி மாத மதியம், ஆட்கள் ஒரே இழுப்பில் பெரிய பரப்புக்கு அடெசிவ் பூசிவிட்டு ஒட்டிக்கொண்டே போனார்கள். நான் சிமெண்ட் லோடு பார்க்கப் போயிருந்தேன். அடுத்த வருடம் மேற்குச் சுவரில் ஒரு ஷீட் அளவு மொசைக் அப்படியே கையோடு வந்தது. சில்லுகளின் முதுகு கழுவிவைத்ததுபோல் சுத்தம். சுவரில் அடெசிவ் இழுத்த பல் கரண்டியின் வரிகள் நசுங்காமல், உழுத வயல்போல நிமிர்ந்து நின்றன. அன்று முதல் பச்சை வலையோ தார்ப்பாயோ மேலே கட்டாமல் ஒரு குளத்திலும் ஒட்ட விடுவதில்லை. ஒருமுறை பூசுவது இரண்டு ஷீட் ஒட்டும் அளவுக்குத்தான். மணிக்கு ஒரு ஷீட்டையாவது ஒட்டிய கையோடு பிரித்து முதுகைப் பார்க்கிறோம்.

மாதம் என்று கேட்டால், தை முதல் பங்குனி வரை, அந்த மறைப்பைக் கட்டிக்கொண்டு, காலை வேளையிலும் சாயந்திரத்திலும். சித்திரை மதியத்தில் வேண்டாம்.

எங்க பூமி கரிசல். சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கட்டினா வெடிக்குமாமே?

கேரளாவில் கரிசல் மண் என்றாலே சித்தூர் தாலுகாதான். மழையில் உப்பும், வெயிலில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். தொட்டியை அது ஒருபக்கம் தள்ளினால் எந்த டைல்ஸும் தாங்காது. விரிசல் டைல்ஸையும் சேர்த்துக்கொண்டு போகும். இதற்கு மருந்து மேல்பூச்சில் இல்லை. அடியில் கரிசலை எடுத்துவிட்டுக் கிராவல் நிரப்பி இறுக்குவது, தொட்டியின் கம்பி வேலையை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் காட்டி முடிவு செய்வது, சுற்றுத் தளத்தைத் தொட்டியோடு ஒட்டாமல் இடைவெளி விட்டுப் பிரிப்பது, மழைத் தண்ணீர் சுவரோரம் தேங்காமல் வடித்துவிடுவது: இவைதான் வழி.

தொட்டி ஏற்கெனவே கட்டியாகிவிட்டது, மயிரிழை விரிசல்கள் இருக்கின்றன என்றால் பி.வி.சி. ஷீட்டை யோசியுங்கள். அது சுவரோடு ஒட்டாமல் தனியாக உட்காரும், சின்ன விரிசல் அதைக் கிழிக்காது. தோப்பில் நாயோ காட்டுப்பன்றியோ இறங்க வழியிருந்தால் மட்டும் யோசனை வேண்டும். நகமும் குளம்பும் அதற்கு எமன். குளோரின் மாத்திரை ஷீட் மேல் விழுந்து கிடந்தால் அந்த இடம் வெளுத்துவிடும்.

ஒட்டி முடிச்ச அன்னைக்கே தண்ணி விட்டுறலாமா? பசங்க லீவுக்கு வர்றாங்க.

பசங்களை இன்னும் மூன்று வாரம் பொறுக்கச் சொல்லுங்கள். தொட்டி கான்கிரீட்டுக்கு 28 நாள். வாட்டர்ப்ரூஃபிங் அடித்து ஒரு வாரம், தண்ணீர் கட்டிப் பார்க்க ஒரு வாரம். ஒட்டியபிறகு கிரவுட்டுக்கு முன் ஓரிரு நாள். எபாக்ஸி கிரவுட் இறுக ஏழு நாள் ஆகும், ஆனாலும் அடியில் இருக்கும் அடெசிவுக்காக இரண்டு மூன்று வாரம் காத்திருப்பதே நல்லது. நிரப்பும்போதும் ஒரே ராத்திரியில் நாலு டேங்கர் விடக்கூடாது. நாளுக்கு இரண்டடி வீதம் ஏற்றுங்கள். தொட்டி சுமையைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கட்டும்.

வெள்ளை சிமெண்ட் பூச்சுக்கு மட்டும் நேர் எதிர்: நடுவில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் நிரப்ப வேண்டும். நிறுத்தினால் அந்த மட்டத்தில் ஒரு வளையம் விழும், பிறகு போகாது.

தண்ணி நிக்குற மட்டத்துல வெள்ளைக் கோடு படியுது. டைல்ஸ் கெட்டுப்போச்சா?

டைல்ஸ் கெடவில்லை, அது உங்கள் போர் தண்ணீரின் சுண்ணாம்பு. குடிதண்ணீருக்கான ஐ.எஸ். 10500 தரத்தில் கடினத்தன்மை, அதாவது சுண்ணாம்பின் அளவு, 200 பி.பி.எம். (லிட்டருக்கு 200 மில்லிகிராம்); வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை. நீச்சல்குளத்துக்கு 200 முதல் 400 வரை நல்லது. போர் தண்ணீர் 500 என்று வையுங்கள். நம் 24க்கு 12 குளம் கொள்வது சுமார் 36,700 லிட்டர். வெயில் காலத்தில் நாளுக்கு 5 மி.மீ. ஆவியானால் 134 லிட்டர், மூன்று மாதத்தில் 12,000 லிட்டர். போவது வெறும் தண்ணீர், சுண்ணாம்பு குளத்திலேயே தங்குகிறது. அந்த 12,000 லிட்டரையும் போர் தண்ணீரால் நிரப்பும்போது இன்னும் 160 பி.பி.எம். போல ஏறிவிடுகிறது. வருடக்கணக்கில் ஏறிக்கொண்டே போனால் கோடு படியாமல் என்ன செய்யும்?

கூரையில் விழும் மழைநீரைத் தொட்டியில் சேர்த்து, நிரப்புவதற்கு அதைக் கலந்து விடுங்கள். தண்ணீரின் அமில-கார அளவான பி.எச்.சை 7.2 முதல் 7.6க்குள் வையுங்கள், ஏறினால் சுண்ணாம்பு படியும். பிளீச்சிங் பவுடர் தன் பங்குக்குச் சுண்ணாம்பைக் கூட்டும், கடினத் தண்ணீருக்குத் திரவக் குளோரின் மேல். கோட்டைப் போக்க டாய்லெட் கழுவும் ஆசிட்டை ஊற்றாதீர்கள். கோடு போகும், கூடவே சிமெண்ட் கிரவுட்டும் போகும்.

எங்களுக்கு வெள்ளையே படியல, ஆனா கிரவுட் மணலா உதிருதே, அது ஏன்?

நகத்தால் இடைவெளியில் ஒரு இழு இழுத்துப் பாருங்கள். நகக்கண்ணில் மணல் வந்தால் உங்கள் தண்ணீர் பசியாக இருக்கிறது. முன் கேள்விக்கு நேர் எதிரான நோய். மலையடிவாரத்து ஓடைத் தண்ணீரிலும் மழைத் தண்ணீரிலும் சுண்ணாம்பு குறைவு. தனக்கு வேண்டிய சுண்ணாம்பைத் தண்ணீர் சிமெண்டிலிருந்து கரைத்து எடுத்துக்கொள்கிறது. இந்தப் பசியை அளக்க ஒரு கணக்கு உண்டு: குடிநீர்க் குழாய்களுக்காக 1936இல் லாங்கெலியர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் வகுத்தது. பி.எச்., சூடு, காரத்தன்மை, சுண்ணாம்பு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, தண்ணீர் படியவைக்குமா அரிக்குமா என்று சொல்லும். நீச்சல்குளக் கணக்கிலும் அதுவே வழக்கத்தில் இருக்கிறது.

டிரைகுளோர் என்ற குளோரின் மாத்திரை மட்டுமே போட்டுவந்தால் பி.எச். இறங்கிக்கொண்டே போகும், அரிப்பு வேகமாகும். கால்சியம் குளோரைடு சேர்த்துச் சுண்ணாம்பை 200க்கு மேல் கொண்டுவாருங்கள், காரத்தன்மை 80 முதல் 120க்குள் இருக்கட்டும். உதிர்ந்த இடங்களைச் சுரண்டி எபாக்ஸியால் அடையுங்கள். உப்பிலிருந்து குளோரின் எடுக்கும் மிஷின் வைத்திருப்பவர்களுக்கும் இதே அறிவுரை, முதலிலேயே எபாக்ஸி.

இத்தனை கஷ்டத்துக்குப் பெயிண்ட்டே அடிச்சிரலாமே?

அடிக்கலாம், குறையொன்றும் இல்லை; கணக்கைத் தெரிந்து அடியுங்கள். 612 சதுர அடிக்கு 90 ரூபாய் என்றால் ஒருமுறைக்கு 55,000. மூன்று வருடத்துக்கு ஒருமுறை அடித்தால் பன்னிரண்டு வருடத்தில் நாலு முறை, 2,20,000. மேலே போட்ட மொசைக் கணக்கில் வாட்டர்ப்ரூஃபிங்கைக் கழித்தால் 1,93,400தான். ஒவ்வொரு முறையும் 36,700 லிட்டரைக் கொட்டி மறுபடி நிரப்புவது வேறு.

அடிப்பதென்றால் சுவர் உள்ளுக்குள் காய்ந்திருக்க வேண்டும். ஒன்றரை அடி சதுரப் பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றால் இன்னும் காயவில்லை. அப்படியே அடித்தால் கொப்புளம் கொப்புளமாக எழும்பும்.

டைல்ஸ் திருச்சூர்ல வாங்கினா வரி மிச்சமாகுமா, கோயம்புத்தூரா?

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது; இப்போது இரண்டு பக்கமும் வரி ஒன்றே, டைல்ஸுக்கு 18 சதவீதம். சரக்கும் பெரும்பாலும் குஜராத்தின் மோர்பியிலிருந்து வருவதுதான். வண்டி வாடகையைப் பாருங்கள். அதைவிட முக்கியம், எல்லாப் பெட்டியிலும் ஒரே பேட்ச் எண், ஒரே ஷேட் எண். பிற்காலத்துக்கு இரண்டு பெட்டி எடுத்து வையுங்கள்.

ஆடில மழை பெய்யுறப்ப விடுதிக்கு ஆள் வர மாட்டாங்க. அப்பக் காலி பண்ணி ரிப்பேர் பாத்துக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். 36,700 லிட்டர் என்றால் சுமார் 37 டன். அந்த எடைதான் தொட்டியை மண்ணோடு அழுத்தி வைத்திருக்கிறது. மழையில் பூமித் தண்ணீர் மேலே ஏறியிருக்கும்போது காலி செய்தால் தொட்டி படகாகிவிடும். முழுதாகக் கிளம்பாவிட்டாலும் தரை வெடிக்கும், கசிவு அடியிலிருந்து டைல்ஸைத் தள்ளும். கிணற்றில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பாருங்கள். குளத்தின் அடிமட்டத்துக்கு நன்றாகக் கீழே இறங்கிய பிறகே காலி செய்யுங்கள்.

பழைய டைல்ஸ் மேலயே புதுசு ஒட்டலாமா?

ஒரு ரூபாய்க் காசை எடுத்து ஒவ்வொரு டைல்ஸாகத் தட்டுங்கள். கெட்டிச் சத்தம் வந்தால் பிடிப்பு இருக்கிறது. பானையைத் தட்டியதுபோல் வந்தால் அடியில் காற்று. அதில் சாக்பீஸால் குறி போடுங்கள். நூற்றுக்கு நாலைந்து என்றால் அவற்றை மட்டும் எடுத்து அடைத்து, மற்றதின் பளபளப்பைக் கிரைண்டரால் உரசிவிட்டு, அதற்குரிய அடெசிவால் ஒட்டலாம். குறி கொத்துக் கொத்தாக விழுந்தால் முழுவதும் கொத்தி எடுங்கள். பழைய பிடிப்பை நம்பித்தான் புதியது நிற்கப்போகிறது. கொத்தியெடுத்த பின் முதல் கேள்வியில் சொன்ன தண்ணீர்ச் சோதனை மறுபடியும் உண்டு.

பத்து வருச கேரண்டின்னு எழுதித் தர்றாங்க. நம்பலாமா?

எதற்குக் கேரண்டி என்று கேளுங்கள். டைல்ஸின் நிறத்துக்குக் கம்பெனி தருவது வேறு, ஒட்டியது கழன்றால் ஒப்பந்தக்காரர் தன் கூலியில் திரும்ப ஒட்டித் தருவது வேறு, கசிவுக்குப் பொறுப்பேற்பது இன்னும் வேறு. மூன்றையும் தனித்தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். அடெசிவின் வகை, கிரவுட் எபாக்ஸியா சிமெண்டா, வாட்டர்ப்ரூஃபிங் எத்தனை கோட், சோதனைக்கு எத்தனை நாள் தண்ணீர் கட்டினோம், இவையும் அதே தாளில் வர வேண்டும். காலி மூட்டைகளைப் போட்டோ எடுத்து வையுங்கள். 14 மூட்டை ஆக வேண்டிய இடத்தில் எட்டுதான் இருந்தால் அப்போதே கேட்டுவிடலாம்.

தண்ணீரைச் சரியாக வைக்கவில்லை என்று சொல்லிப் பின்னால் கைவிரிப்பதும் நடக்கிறது. அதற்கு ஒரே பதில் உங்கள் கையெழுத்தில் உள்ள நோட்டு: வாரம் இரண்டு முறை பி.எச்., குளோரின், மாதம் ஒருமுறை சுண்ணாம்பு, தேதியோடு. கூலியில் பத்தில் ஒரு பங்கை ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கழிந்த பிறகு தருவதாக முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். கடைசித் தவணை கொடுக்கும் அன்று ஒப்பந்தக்காரரையும் கூட வைத்துக்கொண்டு, அந்த ஒரு ரூபாய்க் காசால் நாலு சுவரையும் தட்டிப் பாருங்கள்.